பதினைந்து வருட சிஸ்டருக்கு அடுத்த படி எங்கே?

2023 டிசம்பர் 17. காலையில் தொடங்கிய மழை இரவிலும் விடவில்லை. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. தாமிரபரணி கரையைத் தாண்டி வயலுக்குள்ளும், வயலைத் தாண்டி ஊருக்குள்ளும் ஏறியது. திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுபோனது. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மண்ணும் ஜல்லியும் அடித்துச் செல்லப்பட, அதற்கு மேல் ஓர் அடி நகர வழியில்லை. உள்ளே சுமார் 800 பயணிகள். ரோடு இல்லை, கரண்ட் இல்லை, போனில் டவர் இல்லை. பிறகு ஹெலிகாப்டர்கள் வந்தன.

ரயிலில் சிக்கியவர்களைப் பற்றி நாடே பேசியது. அதே இரவில், தண்ணீர் சூழ்ந்த ஊர்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களைப் பற்றி யாரும் பேசவில்லை. 24 மணி நேர நிலையங்களில் நடைமுறை எளிது. இரவில் ஸ்டாஃப் நர்ஸ் டியூட்டியில் இருப்பார். தேவைப்பட்டால் போன் போட்டு டாக்டரை வரவழைப்பார். டவர் விழுந்தால் போன் போகாது. பாலம் மூழ்கினால் டாக்டர் வரமுடியாது. வலி எடுத்து வந்த கர்ப்பிணியின் பக்கத்திலும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவரின் பக்கத்திலும் கட்டிடத்துக்குள் மிஞ்சியிருப்பது அந்த நர்ஸ் ஒருவர்தான்.

அந்த நேரத்தில் அவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? எதையெல்லாம் அவர் பொறுப்பில் செய்ய அனுமதி இருக்க வேண்டும்? பத்துப் பதினைந்து வருடம் வார்டில் நின்று பழகிய ஒரு நர்ஸை அந்த அளவுக்குத் தயார்படுத்தும் படிப்பு இந்தியாவில் இருக்கிறதா?

இருக்கிறது. 'நர்ஸ் பிராக்டிஷனர்' என்ற பெயரில், பெரும்பகுதி வார்டிலேயே நடக்கும் முதுநிலைப் பயிற்சி அது. பாடத்திட்டம் உண்டு, பட்டம் தரப் பல்கலைக்கழகம் உண்டு. முடித்து வருகிறவருக்கு உட்கார நாற்காலிதான் இல்லை.

வார்டில் நடப்பது, காகிதத்தில் இருப்பது

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கும் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைச் சுற்றுவட்டாரத்தில் 'ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி' என்றால்தான் தெரியும். பாபநாசத்து மலையடிவாரத்தில் பாம்பு கடித்தாலும், ஆலங்குளத்துக் காட்டில் ஒருவர் பூச்சிமருந்தைக் குடித்தாலும், நாற்கரச் சாலையில் பைக் மோதினாலும் ஆம்புலன்ஸ் கடைசியாக வந்து நிற்பது இங்கேதான். 2019-இல் தனி மாவட்டமான தென்காசிக்கு இன்னும் அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. அங்கிருந்து மேல்சிகிச்சைக்கு எழுதி அனுப்பப்படும் நோயாளிகளும் ஹைகிரவுண்டுக்கே வருகிறார்கள்.

இப்படி ஓர் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவு எப்படிப் போகும் என்பது அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். பூச்சிமருந்து குடித்து வந்தவருக்கு அட்ரோபின் போய்க்கொண்டிருக்கும். கண் பாப்பா எவ்வளவு விரிந்திருக்கிறது, நெஞ்சில் சளிச் சத்தம் குறைந்ததா, வியர்வை நின்றதா, நாடி எவ்வளவு என்று மணிக்கொரு முறையும் அதற்கிடையிலும் பார்க்க வேண்டும். மருந்து குறைந்தால் நுரையீரலில் நீர் கோக்கும். கூடினால் நோயாளி பிதற்றத் தொடங்குவார். பக்கத்துப் படுக்கையில் வென்டிலேட்டர். அதற்கு அடுத்ததில் ரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கும் நார்அட்ரினலின் சொட்டுச் சொட்டாக ஏறும். டியூட்டி டாக்டர் இன்னொரு கேஸில் இருப்பார். பயிற்சி டாக்டர் அந்த வார்டுக்கு வந்தே இரண்டு வாரம் ஆகியிருக்கும். மூன்று படுக்கையையும் ஒரே பார்வையில் வைத்திருந்து, எது முதலில் கவிழப்போகிறது என்று முன்கூட்டியே உணர்கிறவர் பழைய சிஸ்டர்தான். "சார், இந்த பேஷன்ட்டைக் கொஞ்சம் வந்து பாருங்க" என்று அவர் சொல்லும் தொனியில் இருந்தே அவசரத்தைப் புரிந்துகொள்ளும் டாக்டர்கள் உண்டு. புரிந்துகொள்ளாத டாக்டர்களும் உண்டு.

2012-இல் டெங்கு தமிழ்நாட்டை உலுக்கியபோது மிக மோசமாக அடிவாங்கியது அன்றைய திருநெல்வேலி மாவட்டம். கடையநல்லூர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு காய்ச்சல். டெங்குவில் ஆபத்து காய்ச்சல் ஏறும்போது வருவதைவிட இறங்கும்போது அதிகம். வீட்டார் "காய்ச்சல் விட்டாச்சு" என்று மூச்சு விடும் நேரத்தில் ரத்தக் குழாயில் இருந்து நீர் கசியத் தொடங்கியிருக்கும். மேல் அழுத்தத்துக்கும் கீழ் அழுத்தத்துக்கும் உள்ள இடைவெளி 20-க்குச் சுருங்கும், கை கால் சில்லிடும், சிறுநீர் குறையும். அந்தச் சில மணி நேரத்தில் சலைனைக் கூட்டுவதா குறைப்பதா என்று சரியாக முடிவெடுத்தால் பிள்ளை பிழைக்கும். அந்த மாற்றத்தை முதலில் பார்ப்பது பெரும்பாலும் நர்ஸின் கண். முடிவெடுக்கும் அதிகாரம் மட்டும் இன்னோர் ஆளிடம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் கரையும் நிமிடங்களைக் குறைக்கத்தான் உலகம் முழுவதும் அனுபவமுள்ள நர்ஸ்களை மேல்நிலைப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள்.

---
பெட்டிச் செய்தி: என்ன படிப்பு இது?

பெயர்: நர்ஸ் பிராக்டிஷனர் இன் கிரிட்டிக்கல் கேர். தீவிர சிகிச்சைக்கான முதுநிலை ரெசிடென்சி.

காலம்: 2 வருடம்.

தகுதி: பி.எஸ்சி. நர்சிங், அதன் பிறகு குறைந்தது 1 வருட வார்டு அனுபவம். தீவிர சிகிச்சைப் பிரிவு அனுபவம் என்றால் முன்னுரிமை.

வகுப்பறை, வார்டு: 20 சதவீதம் பாடம், 80 சதவீதம் நோயாளிகளின் அருகில் நேரடிப் பயிற்சி. இரவு டியூட்டியும் உண்டு.

பாடங்கள்: மேல்நிலை நோய்க்கூறியல், மேல்நிலை மருந்தியல், உடல் பரிசோதனை, தீவிர சிகிச்சை, ஆய்வு, நிர்வாகம்.

எல்லை: மருத்துவமனை எழுதி ஒப்புதல் தந்த நிலை ஆணைகளின்படி (ஸ்டாண்டிங் ஆர்டர்) அவசர மருந்து கொடுக்கலாம், பரிசோதனைகளுக்கு எழுதலாம். தன்னிச்சையாக மருந்துச்சீட்டு எழுதும் உரிமை இல்லை.

வகுத்தது: இந்திய நர்சிங் கவுன்சில். தமிழ்நாட்டில் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இந்தப் படிப்பு இருக்கிறது.

---

எங்கே தொடங்கியது?

1965-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து முதல் நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியைத் தொடங்கினார்கள். கிராமப்புறக் குழந்தைகளுக்கு டாக்டர் கிடைக்கவில்லை. அனுபவமுள்ள பொதுச் சுகாதார நர்ஸ்கள் இருந்தார்கள். திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி தொடங்கியதும் அதே 1965-இல்தான். ஃபோர்டு 2025 ஜனவரியில் 104 வயதில் இறந்தபோது, அவர் தொடங்கிய பாதையில் அமெரிக்காவில் லட்சக்கணக்கானவர்கள் நடந்துகொண்டிருந்தார்கள்.

இங்கிலாந்து வேறு வழியில் போனது. 2017-இல் தேசியச் சட்டகம் ஒன்றை வகுத்து, நேரடி மருத்துவப் பணி, தலைமை, கற்பித்தல், ஆய்வு என நான்கு தூண்களை நிறுத்தியது. அடுத்த வருடமே சம்பளத்தோடு வேலை பார்த்துக்கொண்டு முதுகலை முடிக்கும் அப்ரன்டிஸ் முறையைக் கொண்டுவந்தது. நர்ஸ், பிசியோதெரபிஸ்ட், பாராமெடிக் எல்லோருக்கும் அதில் இடம் இருந்தது. இப்போது அங்கே சிக்கல். முதுகலை நிலை அப்ரன்டிஸ் படிப்புகளுக்கான அரசு நிதியை 2026 ஜனவரி முதல் பெரும்பாலும் 21 வயது வரை உள்ளவர்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டார்கள். பல வருட அனுபவம் கேட்கும் படிப்பில் 21 வயது ஆள் எப்படி இருப்பார்? நல்ல திட்டமும் நிதி எங்கிருந்து வருகிறது என்பதை உறுதிசெய்யாவிட்டால் இப்படி நடுவழியில் நிற்கும். நாமும் கவனிக்க வேண்டிய பாடம் அது.

இந்தியாவில் டாக்டருக்கும் நர்ஸுக்கும் இடைப்பட்ட நிலை பற்றிய விவாதம் பழையது. 1946-இல் போர் (Bhore) கமிட்டி அறிக்கை வந்தபோது நாட்டில் பதிவுபெற்ற டாக்டர்கள் 47,524 பேர். அவர்களில் 29,870 பேர் எல்.எம்.பி. எனப்படும் குறுகிய படிப்பு முடித்த லைசென்ஷியேட்கள். அந்தப் படிப்பை மூடிவிட்டு எல்லோரும் எம்.பி.பி.எஸ். என்ற ஒரே தரத்துக்குப் போகலாம் என்று கமிட்டியில் பெரும்பான்மையோர் முடிவெடுத்தார்கள். அப்போது நாடு முழுவதற்கும் பயிற்சி பெற்ற நர்ஸ்கள் 7,000 பேர் அளவில்தான் இருந்தார்கள். டாக்டர் படிப்பைச் சீரமைத்ததில் காட்டிய அக்கறையை நர்ஸின் இந்த மேல்நிலைப் பயிற்சியில் காட்ட எழுபது வருடம் ஆனது.

படித்து வந்த பிறகு?

இனி விஷயத்தின் மையத்துக்கு வருவோம். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேரும் ஒருவருக்கு மேலே இருக்கும் படிகள் மூன்று: செவிலியர் கண்காணிப்பாளர் நிலை மூன்று, நிலை இரண்டு, நிலை ஒன்று. மூன்றுமே நிர்வாகப் படிகள். டியூட்டி போடுவது, ஸ்டோர் பார்ப்பது, இண்டென்ட் எழுதுவது, லீவைச் சமாளிப்பது, சுற்றறிக்கைக்குப் பதில் தயாரிப்பது. தேவையான வேலைகள்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் இருபது வருடமாக வென்டிலேட்டர் பக்கத்தில் நின்று பழுத்த ஒரு கண்ணை, பதவி உயர்வு என்ற பெயரில் நோயாளியிடம் இருந்து பிரித்து ரெஜிஸ்டர் பக்கம் உட்கார வைக்கிறோம். நல்ல சர்ஜனுக்குப் பதவி உயர்வு கொடுத்தால் அவர் இன்னும் கடினமான ஆபரேஷன் செய்வார். நல்ல நர்ஸுக்குப் பதவி உயர்வு கொடுத்தால் அவர் நோயாளியைத் தொடுவதே நின்றுபோகிறது. இந்த முரண் இத்தனை வருடமாக யாரையும் உறுத்தவில்லை என்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு இந்த இடத்தை நிரப்பத்தான் வந்தது. படித்தவர் வார்டிலேயே இருப்பார், பொறுப்பு மட்டும் கூடும். ஆனால் இந்தப் படிப்பை முடித்தவர்கள் நாடு முழுவதும் எழுப்பும் குறை ஒன்றுதான்: இந்தப் பெயரில் பதவி இல்லை, சம்பள விகிதம் இல்லை, எதைச் செய்யலாம் என்ற சட்டப் பாதுகாப்பு தெளிவாக இல்லை. இரண்டு வருடம் உழைத்துவிட்டு வந்து பழைய டியூட்டி ரோஸ்டரில் பழைய பெயரில் நிற்க வேண்டியிருக்கிறது. அல்லது நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்தப் போகலாம். அல்லது பாஸ்போர்ட் எடுக்கலாம்.

மூன்றாவதை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டாம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே 1978 முதல் ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பி வருகிறது. அதில் நர்ஸ்களுக்குப் பெரிய பங்கு உண்டு. வளைகுடாவும் இங்கிலாந்தும் தீவிர சிகிச்சை அனுபவம் உள்ளவர்களைத் தேடித்தேடி எடுக்கின்றன. உள்ளூரில் பதவியை உருவாக்காமல் படிப்பை மட்டும் உருவாக்கினால், அந்த நாடுகளின் ஆஸ்பத்திரிகளுக்கு நம் செலவில் ஆள் தயாரித்துக் கொடுக்கிறோம்.

இன்னொரு தடை இருக்கிறது, வெளியே அதிகம் தெரியாதது. அரசுப் பணியில் இருக்கும் மூத்த நர்ஸ்களில் ஏராளமானவர்கள் மூன்று வருட டிப்ளமோ படித்தவர்கள். நர்ஸ் பிராக்டிஷனர் படிப்போ பி.எஸ்சி. கேட்கிறது. ஆக, டிப்ளமோவில் சேர்ந்து பதினைந்து வருடம் ஆன ஒருவர் முதலில் இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. முடிக்க வேண்டும், அதன் மேல் இரண்டு வருட ரெசிடென்சி. மொத்தம் நான்கு வருடம். நாற்பதை நெருங்கும் வயது, பத்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை, வீட்டுக் கடன். இப்படி ஒருவர் நான்கு வருடம் ஒதுக்கிவிட்டுத் திரும்பி வந்தால் அதே ஸ்டாஃப் நர்ஸ். யார் போவார்? அனுபவசாலிகளுக்கென்று சொல்லி வடிவமைத்த படிப்பின் வாசலில் அனுபவசாலிகளே நுழைய முடியாமல் நிற்கிறார்கள்.

சம்பளக் கதையும் இதில் சேரும். 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து 7,243 நர்ஸ்களை எடுத்தது. தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருடத்தில் காலமுறை ஊதியம் வரும் என்ற நம்பிக்கையில் சேர்ந்தவர்கள், 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் குழந்தைகளோடு வந்து உட்கார்ந்து போராடினார்கள். இவர்களில் பலருக்கு இப்போது பத்து வருட அனுபவம். மேல்நிலைப் பயிற்சிக்கு மிகச் சரியான கட்டத்தில் இருக்கிற தலைமுறை இது. இவர்களிடம் போய், மறுபடியும் நம்பி ஒரு படிப்பைப் படியுங்கள், பதவி பிறகு வரும் என்று சொல்லும் துணிவு அரசுக்கு இருக்க முடியாது. பதவியை முதலில் அறிவித்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

14 மாத்திரைகள்

அரசு நர்ஸை நம்பாமல் இல்லை. நம்புகிறது, அந்த நம்பிக்கையை எழுத்தில் முழுமையாக்கத் தயங்குகிறது. 2023 ஜூனில் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டம் இதற்கு நல்ல சாட்சி. நெஞ்சுவலியோடு வருகிறவருக்கு மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால் முதல் தவணையாக 14 மாத்திரைகள்: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8. 2,286 ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் 8,713 துணை சுகாதார நிலையங்களிலும் இவை இருப்பில் வைக்கப்பட்டன.

துணை சுகாதார நிலையத்தில் டாக்டர் கிடையாது. கிராம சுகாதார செவிலியரும், 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்த பிறகு சேர்க்கப்பட்ட இடைநிலை சுகாதாரப் பணியாளரும் இருப்பார்கள். இந்த இடைநிலைப் பணிக்கு நர்சிங் படித்தவர்களைத்தான் எடுத்தார்கள். 2021-இல் அறிவித்த இடங்கள் 4,848. முக்கூடலில் நாள் முழுக்கக் குனிந்து பீடி சுற்றும் அம்மாவுக்கு நெஞ்சு அடைத்தால், வீரவநல்லூரில் தறிக்காரருக்குக் கை மரத்தால், முதலில் எதிரே நிற்பவர் இவர்தான். அம்பாசமுத்திரத்தில் இருந்து ஹைகிரவுண்டுக்கு சுமார் 35 கிலோமீட்டர். அந்த 35 கிலோமீட்டருக்கு முன்னால் மாத்திரை வயிற்றுக்குள் போய்விட்டால் கதை மாறும் என்று நம்பித்தான் திட்டமே போட்டார்கள். எழுதி வைத்த நெறிமுறை, பயிற்சி பெற்ற நர்ஸ், மறுமுனையில் ஆலோசனைக்கு ஒரு டாக்டர். மேல்நிலைப் பணி என்று உலகம் சொல்வதன் விதை இதற்குள் இருக்கிறது.

காரையாறு அணைக்கு மேலே காணி மக்களின் இஞ்சிக்குழி வரை மருத்துவக் குழு போய்வருவதற்குப் படகும் நடையும் வேண்டும். அப்படிப்பட்ட இடத்துக்கு வாரம் ஒருமுறை போகிறவர், சர்க்கரையும் பிரஷரும் பார்த்து மாத்திரை கொடுப்பதோடு, மருந்தின் அளவை மாற்றவும் தெரிந்தவராக, மாற்ற அனுமதி உள்ளவராக இருந்தால் அங்கிருக்கும் நோயாளிக்கு மலை இறங்கும் ஒரு பயணம் மிச்சமாகும். அன்றைய கூலியும் மிச்சமாகும்.

பிரசவ அறையில் இன்னொரு வாய்ப்பு

தமிழ்நாட்டில் பிரசவம் ஏறக்குறைய முழுவதும் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் இது 99.6 சதவீதம். பெருமைப்பட வேண்டிய எண். அதே கணக்கெடுப்பில் சிசேரியன் 44.9 சதவீதம், தனியாரில் 63.8, அரசில் 36. இதற்கு முந்தைய சுற்றில் மொத்தம் 34.1 ஆக இருந்தது. நாட்டிலேயே அதிகம் தெலங்கானாவில்: 60.7.

அந்தத் தெலங்கானாதான் முதலில் விழித்துக்கொண்டது. ஹைதராபாத்தின் ஃபெர்னாண்டஸ் மருத்துவமனை 2011 முதலே நர்ஸ்களுக்குத் தொழில்முறை மகப்பேறுப் பயிற்சி கொடுத்து வந்தது. 2017-இல் மாநில அரசு யுனிசெஃப் உதவியோடும் அந்த மருத்துவமனையின் துணையோடும் கரீம்நகரில் அரசு நர்ஸ்களுக்கே அந்தப் பயிற்சியைத் தொடங்கியது. 2018 டிசம்பரில் மத்திய அரசு நாடு முழுவதற்கும் வழிகாட்டி வெளியிட்டது. 'நர்ஸ் பிராக்டிஷனர் இன் மிட்வைஃபரி', 18 மாதப் பயிற்சி. சிக்கலில்லாத பிரசவத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை இவரே பொறுப்பெடுத்து நடத்துவார், சிக்கல் தெரிந்தால் உடனே டாக்டரிடம் ஒப்படைப்பார்.

இதில் கவனிக்க வேண்டியது, இந்தப் படிப்பு டிப்ளமோ நர்ஸ்களுக்கும் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. பிரசவம் பார்த்த அனுபவம்தான் முக்கியத் தகுதி. தீவிர சிகிச்சைப் படிப்பில் மூடியிருக்கும் கதவு இங்கே திறக்க முடிந்திருக்கிறது என்றால் அங்கேயும் திறக்கலாம்.

வலியில் இருக்கும் பெண்ணுக்கு இதனால் என்ன கிடைக்கும் என்று கேட்டால், முதலில் கூடவே ஓர் ஆள் கிடைப்பார். மல்லாக்கப் படுத்தே கிடக்கச் சொல்லாமல் நடக்க விடுகிற, உட்கார விடுகிற, அவசரப்படுத்தாத ஓர் ஆள். நம் பிரசவ அறைகளில் பெண்கள் திட்டு வாங்கிய கதை எத்தனை வீடுகளில் இருக்கிறது! கூட்டமும் ஆள் பற்றாக்குறையும் சேர்ந்து நல்ல நர்ஸையும் கடுகடுப்பாக்கிவிடும் என்பது உண்மை. ஒரு பிரசவத்துக்குத் தானே முழுப் பொறுப்பு என்ற நிலை வரும்போது நர்ஸுக்கும் அந்தப் பெண்ணுக்கும் உள்ள உறவு வேறாகிறது.

---
பெட்டிச் செய்தி: ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

2000: அமெரிக்க ஆய்வு, 1,316 நோயாளிகள். நர்ஸ் பிராக்டிஷனரிடம் போனவர்களுக்கும் டாக்டரிடம் போனவர்களுக்கும் ஆறு மாதத்துக்குப் பின் உடல்நிலையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

2013: சத்தீஸ்கரில் மூன்று வருடப் படிப்பு முடித்த கிராம மருத்துவ உதவியாளர்களை அரசு டாக்டர்களோடு ஒப்பிட்டார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வழக்கமாக வரும் நோய்களைக் கையாளும் திறன் சமமாக இருந்தது.

2014: 9 ஐரோப்பிய நாடுகள், 300 மருத்துவமனைகள், 4,22,730 அறுவை சிகிச்சை நோயாளிகள். பட்டப்படிப்பு படித்த நர்ஸ்களின் பங்கு 10 சதவீதம் கூடும் இடத்தில் மரண வாய்ப்பு 7 சதவீதம் குறைவு. ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடினால் 7 சதவீதம் அதிகம்.

2018: உலக ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வு: ஆரம்பநிலை சிகிச்சையில் பயிற்சி பெற்ற நர்ஸ்களின் பலன் டாக்டர்களுக்குச் சமம் அல்லது சற்று மேல். நோயாளியோடு செலவிடும் நேரமும் அதிகம்.

---

டாக்டர்கள் கேட்கும் கேள்வி

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 2019-இல் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு, நவீன மருத்துவத்தோடு தொடர்புடையவர்களுக்கு 'சமுதாய சுகாதார வழங்குநர்' என்ற பெயரில் வரையறுக்கப்பட்ட உரிமம் தரலாம் என்றது. இந்திய மருத்துவச் சங்கம் நாடு தழுவிய வேலைநிறுத்தம் செய்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், அசாமின் கிராம மருத்துவ டிப்ளமோ சட்டம் மத்திய சட்டத்தோடு முரண்படுவதால் செல்லாது என்று தீர்ப்பளித்தது.

டாக்டர்களின் கவலையை வெறும் தொழில் பொறாமை என்று தள்ளிவிடக் கூடாது. ஏழைக்கு ஒரு தரம், வசதி உள்ளவருக்கு ஒரு தரம் என்று ஆகிவிடுமோ என்பது நியாயமான பயம். டாக்டர் பணியிடங்களைக் காலியாகவே விட்டுவிட்டு, குறைந்த சம்பளத்தில் ஆறு மாதப் பயிற்சி பெற்ற ஒருவரை உட்கார வைத்துக் கணக்கை முடிக்க அரசுகளுக்கு ஆசை வரும். வந்தும் இருக்கிறது. தவறு நடந்தால் கோர்ட்டில் யார் நிற்பது என்பதும் முக்கியமான கேள்வி. மருந்துச் சட்ட விதிகளின்படி மருந்துச்சீட்டு எழுதும் உரிமை பதிவுபெற்ற மருத்துவருக்கே. நர்ஸ் பிராக்டிஷனருக்கு இன்று இருக்கும் பாதுகாப்பு, மருத்துவமனை எழுதிவைக்கும் நிலை ஆணை மட்டும்தான். அது எழுதப்படாத இடத்தில் அவர் செய்கிற ஒவ்வொரு நல்ல முடிவும் அவருக்கே ஆபத்து.

ஆனால் பிளஸ் டூ முடித்து நேராகக் குறுக்கு வழியில் வருகிறவரையும், பத்து வருடம் தீவிர சிகிச்சைப் பிரிவில் நின்று, அதன் மேல் இரண்டு வருடம் டாக்டர்களின் கண்காணிப்பிலேயே பயிற்சி எடுக்கிறவரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. பின்னவர் டாக்டருக்கு மாற்றாக வருவதில்லை. டாக்டரோடு ரவுண்ட்ஸ் போய், டாக்டர் இல்லாத இடைவெளியில் நோயாளி கவிழாமல் பார்த்துக்கொள்ளவே வருகிறார். இந்த வேறுபாட்டைச் சட்டத்தில் தெளிவாக எழுதும் வாய்ப்பு இப்போது கையில் இருக்கிறது. 1947-இன் நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாகத் தேசிய நர்சிங் மற்றும் மகப்பேறுப் பணி ஆணையச் சட்டம் 2023-இல் நிறைவேறிவிட்டது. அதன் கீழ் வரும் விதிகளில் மேல்நிலை நர்ஸின் பணி எல்லை வரையறுக்கப்பட வேண்டும். அந்த வரைவை எழுதும் மேஜையில் டாக்டர்களும் உட்காரட்டும்.

ஹைகிரவுண்டில் தொடங்கினால்

தமிழ்நாட்டுக்கு இதற்கான முன்மாதிரி வீட்டிலேயே இருக்கிறது. அரசு டாக்டர்களுக்கு மேற்படிப்பில் தனி ஒதுக்கீடு வேண்டும் என்று இந்த மாநிலம் உச்ச நீதிமன்றம் வரை போய் வாதாடியது. 2020 ஆகஸ்ட் 31-இல் வென்றது. கிராமத்தில் வேலை பார்த்த டாக்டர் மேற்படிப்பு முடித்து அரசு ஆஸ்பத்திரிக்கே நிபுணராகத் திரும்புவார் என்பது அதன் அடிப்படை. ஹைகிரவுண்டு போன்ற ஆஸ்பத்திரிகள் நிபுணர்களோடு நடப்பதற்கு அந்த ஏற்பாடு பெரிய காரணம். அதே தர்க்கத்தை நர்ஸுக்கும் நீட்டினால் போதும்.

தேவையான எல்லாம் பாளையங்கோட்டையில் தயாராக இருக்கிறது. நோயாளிகள் இருக்கிறார்கள், வகுப்பெடுக்கப் பேராசிரியர்கள் இருக்கிறார்கள், விபத்து அவசரப் பிரிவு, தீவிர சிகிச்சை, பிரசவம், பச்சிளங் குழந்தைப் பிரிவு எல்லாம் ஒரே வளாகத்தில். தீவிர சிகிச்சையில் சிலர், பிரசவ அறையில் சிலர் என்று சிறிதாகத் தொடங்கலாம். ஒவ்வொருவருக்கும் ஒரு மூத்த டாக்டரும் ஒரு மூத்த நர்ஸும் வழிகாட்டி. நிலை ஆணைகளைத் துறைத் தலைவர்கள் உட்கார்ந்து தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கையெழுத்திட வேண்டும்: எந்த நிலையில் எந்த மருந்து, எவ்வளவு, எப்போது டாக்டரைக் கூப்பிட்டே ஆக வேண்டும். டிப்ளமோ நர்ஸின் அனுபவ வருடங்களைக் கணக்கில் எடுத்து நான்கு வருடத்தைச் சுருக்கும் ஓர் இணைப்புப் பாடம் வேண்டும். முடித்து வருகிறவருக்கு ஸ்டாஃப் நர்ஸுக்கு மேலே, நோயாளியின் அருகிலேயே, தனிச் சம்பள விகிதத்தோடு ஒரு பணியிடம் வேண்டும். குறிப்பிட்ட வருடங்களுக்கு ஒருமுறை திறனைச் சோதித்துப் பதிவைப் புதுப்பிக்கவும் வேண்டும். அதிகாரம் கூடினால் சோதனையும் கூடத்தான் வேண்டும்.

முடித்தவர்களில் சிலரை அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, வள்ளியூர், ஸ்ரீவைகுண்டம் என்று சுற்றுவட்டார ஊர்களின் அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பினால், மேல்சிகிச்சைக்கு என்று எழுதி ஆம்புலன்ஸில் ஏற்றும் கேஸ்களில் ஒரு பங்கு அங்கேயே நிலைப்படும். ஏற்ற வேண்டியவர்களும் வழியில் கவிழாத நிலையில் ஏறுவார்கள்.

இத்தனையும் அரசாணையில் வந்தாலும் ஒரு வரி விடுபட்டால் எதுவும் நடக்காது. ஒருவர் இரண்டு வருடம் பயிற்சிக்குப் போனால் அவருடைய டியூட்டியை யார் பார்ப்பது? ஏற்கெனவே இரவில் ஆள் போதாத வார்டு. தேர்வுப் பட்டியலில் பெயர் வந்த சிஸ்டர் இன்சார்ஜிடம் போய் நிற்பார். "உன்னை அனுப்பிட்டு நான் யாரை வெச்சு வார்டை ஓட்ட?" என்று அந்த அம்மா கேட்பார், அவர் கேட்பதில் தப்பில்லை. பயிற்சிக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் ஒரு பதிலிப் பணியிடம், அதற்கான சம்பளத் தலைப்பு, அந்தப் பதிலி வந்து சேரும் தேதி ஆகியவை முதல் உத்தரவிலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரிலீவிங் ஆர்டர் கையில் கிடைக்கும் முன்பே அந்த வருடத்துச் சேர்க்கை முடிந்துவிடும்.